தராசு சொல்லாத கணக்கு: ஈரல் நோயில் தசையும் கொழுப்பும்

ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னதும் எம்மவர் வீடுகளில் முதலில் வெளியே வருவது தராசுதான். நிறையைக் குறைக்க வேண்டும் என்ற முடிவு அன்றிரவே எடுக்கப்படும். முதலில் சோறு குறையும். பிறகு முட்டை, மீன், இறைச்சி எல்லாம் "ஈரலுக்குக் கூடாது" என்று நிறுத்தப்படும். சில மாதங்களில் தராசின் இலக்கம் இறங்கிவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. இறங்கியது கொழுப்பா, தசையா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஈரல் நோயாளர் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைப் படித்தால், முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்விதான் என்பது விளங்கும்.

நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனால் வரிக் கணக்குக்காக என்னிடம் வருகின்ற மூத்தவர்கள் பலர், கோப்போடு கோப்பாக இரத்தப் பரிசோதனைத் தாளையும் நீட்டி "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாரும்" என்பார்கள். அந்தத் தாள்களை விளங்கிக்கொள்ளத் தொடங்கிய வாசிப்பின் தொகுப்பே இக்கட்டுரை. சிகிச்சையை உங்கள் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவும்.

ஒரே நிறை, இரண்டு உடல்கள்

ஐந்தொகை படித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். இரண்டு கடைகளின் மொத்தச் சொத்து ஒரே தொகையாக இருக்கலாம். ஒன்றில் அது காசாக இருக்கும், மற்றதில் திரும்பி வராத கடனாக இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பார். உடல் நிறையும் அப்படிப்பட்ட ஒரு மொத்தம்தான். அதற்குள் தசை, கொழுப்பு, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்து நிற்கின்றன.

இதற்கு மருத்துவ உலகம் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு 2004ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் வந்த ஒரு படம். இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த வைத்திய ஆய்வாளர் யாஜ்னிக், பிரித்தானியாவைச் சேர்ந்த வைத்திய ஆய்வாளர் யூட்கின் ஆகிய இருவரும் அதில் அருகருகே நிற்கிறார்கள். உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கும் பி.எம்.ஐ. என்ற உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., கொழுப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

இது இரண்டு தனிமனிதரின் கதை மட்டுமல்ல. தென்னாசிய உடல்களில் ஒப்பீட்டளவில் தசை குறைவாகவும் கொழுப்புக் கூடுதலாகவும், அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றிக் கூடுதலாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசிய மக்களுக்கு 23 என்ற சுட்டியிலிருந்தே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று தனி எல்லைகளைச் சொன்னது. ஐரோப்பியருக்கு இந்த எல்லைகள் 25, 30. இடுப்புச் சுற்றளவிலும் அப்படியே. தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எச்சரிக்கை எல்லை. எமது வீடுகளில் "மெலிஞ்ச உடம்பு, ஒரு வருத்தமும் இல்லை" என்று சொல்லப்படும் பலர் இந்த எல்லைக்கு வெளியே நிற்பதை ஓர் அளவுநாடா காட்டிவிடும்.

குடிக்காதவருக்கும் வரும் நோய்

ஈரல் நோய் என்றால் குடிதான் காரணம் என்ற எண்ணம் எம்மிடையே இன்றும் வலுவாக இருக்கிறது. மதுவும், பி மற்றும் சி வகை ஈரல் அழற்சி வைரசுகளும் முக்கிய காரணங்கள் என்பது உண்மை. ஆனால் 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோயியல் நிபுணரும் அவருடைய குழுவினரும், குடிப்பழக்கம் இல்லாதவர்களின் ஈரலிலும் குடிகாரர்களின் ஈரலில் காணப்படுவது போன்ற கொழுப்பும் அழற்சியும் இருப்பதை விவரித்துப் பெயரும் சூட்டினர். நெடுங்காலம் "மதுசாராக் கொழுப்பு ஈரல் நோய்" என்று அழைக்கப்பட்ட இந்த நோய்க்கு 2023இல் பெயர் மாற்றப்பட்டது. இப்போதைய பெயரின் பொருள், அனுசேபக் கோளாறுடன் தொடர்புடைய கொழுப்பு ஈரல் நோய் என்பதாகும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு போன்றவற்றில் ஒன்றேனும் சேர்ந்திருந்தால் இந்தப் பெயர் பொருந்தும்.

தாயகத்திலும் இது புதிதல்ல. இலங்கையின் றாகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடையே களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 32.6 சதவீதமானவர்களுக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் கண்டறியப்பட்டது. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அது நகர்ப்புறம். இதற்கு மறுபக்கமாக, இந்தியாவின் மேற்கு வங்காளக் கிராமப்புறத்தில் உடலுழைப்பால் வாழும் ஏழை மக்களிடையே நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வு இருக்கிறது. அங்கு 8.7 சதவீதமானவர்களுக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பி.எம்.ஐ. 25க்கும் கீழே. பருமன் இல்லாதவருக்கும் ஈரலில் கொழுப்புச் சேரும் என்பதற்கு இது தெளிவான சான்று.

ஈரலில் கொழுப்பு இருக்கும் எல்லோருக்கும் ஈரல் கெட்டுப்போவதில்லை. சிலருக்குக் கொழுப்புடன் அழற்சி சேர்கிறது. அழற்சி நீடித்தால் ஈரலில் தழும்பு விழுகிறது. தழும்பு பெருகி ஈரல் முழுவதும் முடிச்சு முடிச்சாக இறுகிப்போகும் நிலையே சிரோசிஸ். அந்த நிலைக்கு வந்த பிறகு, நோயாளி எவ்வளவு காலம் எப்படி வாழ்வார் என்பதில் தசைக்குப் பெரும் பங்கு உண்டு.

தசை ஈரலுக்குச் செய்யும் உதவி

தசை என்றால் கையையும் காலையும் அசைக்க உதவும் உறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு.

முதலாவது, சர்க்கரையை வாங்கிச் சேமிப்பது. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசின் பெரும் பங்கை இன்சுலினின் உதவியோடு தசை எடுத்துக்கொள்கிறது. தசை குறைந்தால் அந்தச் சர்க்கரைக்குப் போக இடம் குறையும். மிஞ்சுவதில் ஒரு பகுதி ஈரலில் கொழுப்பாக மாறும். தென்கொரியாவில் பல ஆயிரம் பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. உடல் நிறையோடு ஒப்பிடும்போது தசையின் பங்கு கூடியவர்களுக்கு ஈரலில் புதிதாகக் கொழுப்புப் படிவது குறைவாக இருந்தது. ஏற்கனவே கொழுப்பு இருந்தவர்களில் தசை கூடியவர்களுக்கு அது மறைவதும் கூடுதலாக இருந்தது.

இரண்டாவது, அமோனியாவை அகற்றுவது. புரதம் உடைபடும்போதும் குடலிலும் உண்டாகும் அமோனியா மூளைக்கு நஞ்சு. ஆரோக்கியமான ஈரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரோடு வெளியேற்றும். ஈரல் தளர்ந்தால் அந்த வேலையின் ஒரு பகுதியைத் தசை தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது. அமோனியாவைக் குளுற்றமின் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. ஈரல் நோயாளருக்கு வரும் தடுமாற்றம், பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவற்றுக்கு அமோனியா ஒரு முக்கிய காரணம். தசை இருப்பவருக்கு இதைத் தாங்க ஓர் ஒதுக்கம் இருக்கிறது, தசை இழந்தவருக்கு அது இல்லை.

ஈரல் கெட்டால் தசை ஏன் கரைகிறது?

வயது போகப் போகத் தசை குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்கு 1989இல் ரோசன்பேர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சார்க்கோபீனியா' என்று பெயரிட்டார். தசைக் குறைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் சிரோசிஸ் நோயாளருக்கு இது மிக வேகமாக நடக்கிறது. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, ஈரல் எங்கள் உடலின் சேமிப்பு வங்கி. பகலில் உண்டதைக் கிளைக்கோசனாகச் சேர்த்து வைத்து இரவில் எடுத்துக் கொடுக்கும். சிரோசிஸ் வந்த ஈரலில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. அதனால் ஓரிரவு சாப்பிடாமல் இருப்பது, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடப்பதற்குச் சமமாகிறது. விடியும் முன்பே உடல் தசையை உடைத்துச் சக்தி தேடத் தொடங்கிவிடும். கையில் காசு இல்லாத வீடு நகையை அடகு வைப்பது போன்றது இது. ஒருநாள் என்றால் மீட்டுவிடலாம். ஒவ்வோர் இரவும் என்றால் நகைப்பெட்டி காலியாகும்.

இரண்டு, அமோனியாவே தசையைத் தாக்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லன்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஸ்ரீநிவாசன் தாசரதி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, உயர்ந்த அமோனியா 'மயோஸ்ரற்றின்' என்ற பொருளைத் தசையில் கூட்டுவதைக் காட்டியது. தசை வளர்ச்சிக்குத் தடை போடும் பொருள் அது. ஆக, ஈரலுக்கு உதவப் போன தசை அந்த உதவியாலேயே மெலிகிறது. தசை குறையக் குறைய அமோனியா கூடுகிறது. அமோனியா கூடக் கூடத் தசை குறைகிறது.

மூன்று, சாப்பாடு இறங்குவதில்லை. வயிற்றில் நீர் கட்டினால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். உப்பைக் குறைத்த உணவில் ருசி இருக்காது. சோர்வு வேறு. "பாவம், படுக்கட்டும்" என்று நாங்கள் கட்டிலிலேயே விட்டுவிடுவோம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வில், அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயில்லாதவருக்கே அப்படி என்றால் நோயாளியின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

எட்மன்டன் ஆய்வு சொன்னது

கனடாவின் எட்மன்டன் நகரில் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொன்ரானோ-லோசா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையின் திருப்புமுனைகளில் ஒன்றாகச் சொல்லலாம். ஈரல் மாற்றுச் சிகிச்சைக்காகப் பரிசீலிக்கப்பட்ட 112 சிரோசிஸ் நோயாளரின் சி.ரி. ஸ்கான் படங்களில் தசையை அளந்தார்கள். 40 சதவீதமானவர்களுக்குத் தசையிழப்பு இருந்தது. தசையிழப்பு இருந்தவர்களின் ஆயுட்கால இடையம் 19 மாதங்கள், இல்லாதவர்களுக்கு 34 மாதங்கள்.

அதே குழு 2016இல் 678 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வில் வேறொன்றும் வெளிப்பட்டது. தசையிழப்பு 43 சதவீதமானவர்களுக்கு இருந்தது. அது ஏற்கனவே தெரிந்த செய்தி. ஆனால் 20 சதவீதமானவர்களுக்குப் பருமனும் தசையிழப்பும் ஒருசேர இருந்தன. வெளித்தோற்றத்தில் "நல்லா இருக்கிறார்" என்று சொல்லப்படுபவர்கள் இவர்கள். கொழுப்பு மூடியிருப்பதால் உள்ளே தசை கரைவது வீட்டாருக்கும் தெரியாது, சில வேளை வைத்தியருக்கும் தெரியாது. இவர்களின் ஆயுளும் மெலிந்தவர்களின் ஆயுளைப் போலவே குறைந்திருந்தது.

இங்கே தராசு செய்யும் இன்னொரு மோசடியையும் சொல்ல வேண்டும். வயிற்றில் ஐந்து லீற்றர் நீர் கட்டினால் தராசில் ஐந்து கிலோ கூடும். உள்ளே மூன்று கிலோ தசை போயிருந்தாலும் தராசு இரண்டு கிலோ கூடியதாகவே காட்டும். "உடம்பு தேறுது" என்று வீட்டில் சந்தோசப்படுவார்கள். கணக்கியலில் கடனைச் சொத்து என்று பதிந்தால் எப்படியோ அப்படித்தான். வயிறு முன்னே வர, கன்னப்பொறி குழிவதும் தோளும் தொடையும் ஒடுங்குவதும் தெரிந்தால் அது தேறுதல் அல்ல. உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

வீட்டிலும் வைத்தியசாலையிலும் அளப்பது

ஆய்வாளர்கள் தசையை அளக்க, முதுகெலும்பின் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் எடுத்த ஒரேயொரு சி.ரி. படத்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் துண்டில் தெரியும் தசையின் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். வட அமெரிக்காவில் ஈரல் மாற்றுக்குக் காத்திருந்த நோயாளரை வைத்து 2017இல் கண்ட எல்லை, ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 39. வேறு காரணத்துக்காக ஏற்கனவே எடுத்த ஸ்கானிலேயே இதை அளக்க முடியும். ஆனால் யாராவது கேட்டால்தான் அளப்பார்கள்.

ஸ்கான் இல்லாமலும் ஓரளவு அறியலாம். ஆசிய மக்களுக்கான நிபுணர் குழு 2019இல் தந்த எல்லைகள் இவை:

கைப்பிடி வலு: அதற்கான கருவியை இறுக்கிப் பிடிக்கும்போது ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் வர வேண்டும். பல வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவ நிலையங்களிலும் இக்கருவி உண்டு.

கதிரைச் சோதனை: கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து இருக்க வேண்டும். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் கவனம் தேவை. கதிரையைச் சுவரோடு வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்ய வேண்டும்.

கெண்டைக்கால் சுற்றளவு: ஆண்களுக்கு 34 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 33 சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் சந்தேகப்படலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பொய் சொல்லும்.

ஈரலில் தழும்பு இருக்கக்கூடுமா என்று பார்க்கவும் ஒரு சிறு கணக்கு உண்டு. பிப்-4 என்று அதற்குப் பெயர். சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள மூன்று எண்களும் வயதும் போதும். வயதை ஏ.எஸ்.ரி. எண்ணால் பெருக்க வேண்டும். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையை, அதாவது ஆயிரத்தில் சொல்லப்படும் எண்ணை, ஏ.எல்.ரி. எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: வயது 54, ஏ.எஸ்.ரி. 40, ஏ.எல்.ரி. 49, சிறுதட்டு 200. 54ஐ 40ஆல் பெருக்க 2160. 49இன் வர்க்கமூலம் 7, அதை 200ஆல் பெருக்க 1400. விடை 1.54. இது 1.3க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம். இடையில் வந்தால் பைப்ரோஸ்கான் போன்ற அடுத்த சோதனை தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழெல்லையை 2 என்று எடுப்பார்கள். 35க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நம்பகமானதல்ல.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி

ஈரல் நோயாளிக்கு இறைச்சி, மீன், முட்டை கூடாது என்ற நம்பிக்கை எமது பாட்டிமார் கண்டுபிடித்தது அல்ல. ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். புரதத்திலிருந்து அமோனியா வருகிறது, ஆகவே புரதத்தைக் குறைத்தால் மூளைக் குழப்பம் வராது என்பது அன்றைய எண்ணம். 2004இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் செய்த ஒரு சிறிய ஆனால் முக்கியமான ஆய்வு அதை அசைத்தது. மூளைக் குழப்பத்தோடு அனுமதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் புரதம் குறைத்த உணவும் மறு பகுதியினருக்கு வழமையான புரத உணவும் கொடுத்தார்கள். குழப்பம் தெளிவதில் வேறுபாடு இல்லை. புரதம் குறைத்தவர்களின் உடலில் தசை உடைவது மட்டும் கூடியிருந்தது.

இன்று ஐரோப்பிய ஈரல் ஆய்வுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: சிரோசிஸ் நோயாளருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. மூளைக் குழப்பம் இருந்தாலும் புரதத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது. நீரைக் கழித்து 60 கிலோ நிறையுள்ளவர் என்றால் 72 முதல் 90 கிராம்.

எமது சமையலறைக் கணக்கில் இதைப் பார்ப்போம். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 4 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம். ஒரு கோப்பை அவித்த கடலையில் ஏறத்தாழ 14 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல், தோல் நீக்கிய கோழியில் இன்னும் கூட. இருவேளை சோறும் பருப்புத் தண்ணியும் மரக்கறியும் என்று போனால் 30 கிராமைத் தாண்டுவதே கடினம். நோயாளி பாதிப் புரதத்தில் வாழ்கிறார் என்பது அப்போதுதான் விளங்கும். மரக்கறி உணவுக்காரர் பால், தயிர், பருப்பு, கடலை, பயறு, சோயா ஆகியவற்றால் இந்த அளவை எட்டலாம். தாவரப் புரதம் மூளைக் குழப்பம் உள்ளவர்களுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கருவாடு, ஊறுகாய், உப்புக் கூடிய ரின்மீன் ஆகியவை வயிற்றில் நீர் உள்ளவர்களுக்கு ஆகாது. சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் உணவியலாளரின் ஆலோசனை கட்டாயம் தேவை.

இரவுச் சாப்பாடு

நியூசிலாந்தின் ஒக்லன்டில் 103 சிரோசிஸ் நோயாளரை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வு, எந்தக் குடும்பமும் நாளையே பின்பற்றக் கூடியது. ஒரே சத்துணவை ஒரு பகுதியினர் பகலிலும் மறு பகுதியினர் இரவு படுக்கைக்குப் போகும் வேளையிலும் எடுத்தார்கள். ஓராண்டில் இரவில் எடுத்தவர்களின் உடலில் ஏறத்தாழ இரண்டு கிலோ தசைக்குச் சமமான புரதம் கூடியது. பகலில் எடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. உணவு ஒன்றே, நேரம்தான் வேறு.

ஆகவே சிரோசிஸ் உள்ளவர் மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் எட்டு மணிவரை வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. படுக்கும் முன் இரண்டு துண்டு பாணும் பாலும், அல்லது ஒரு சிறு கோப்பைக் குரக்கன் கஞ்சி, அல்லது தயிரோடு கொஞ்சச் சோறு எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவும் இருந்தால் அளவை வைத்தியரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இதே காரணத்தால் விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள் என்று எமது அம்மாமார் பலர் ஆண்டுதோறும் பிடித்து வருகிறார்கள். வெறும் கொழுப்பு ஈரல் உள்ளவருக்கு இது வேறு விடயம். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒருவேளை உணவில் பல நாட்கள் இருப்பது தசையை நேரடியாகத் தின்னும். நோயாளிக்கு விரதத்திலிருந்து விலக்கு உண்டு என்பது எமது வழக்கமும்தான். அதைப் பிள்ளைகள் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஐயரையோ குடும்ப வைத்தியரையோ கொண்டு சொல்விப்பது நல்லது.

கொழுப்பைக் குறை, தசையை வை

இதையெல்லாம் வாசித்துவிட்டு நிறை குறைப்பது தவறு என்று நினைத்துவிட வேண்டாம். கொழுப்பு ஈரலுக்கு இன்றும் முதன்மையான மருந்து அதுவே. கியூபாவில் 293 நோயாளரை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், நிறையில் பத்து சதவீதமோ கூடவோ குறைத்தவர்களில் 90 சதவீதமானோருக்கு ஈரல் அழற்சி நீங்கியது. 45 சதவீதமானோருக்குத் தழும்பும் குறைந்தது. எதைக் குறைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை பாரம் தூக்கும் பயிற்சி. பிரித்தானியாவின் நியூகாசிலில் செய்து 2011இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்கள் தசைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல் நிறை மாறவில்லை. ஆனால் ஈரலில் இருந்த கொழுப்பு 13 சதவீதம் குறைந்தது. தராசை மட்டும் நம்பியிருந்தால் "பயனில்லை" என்று விட்டிருப்பார்கள்.

புதிய மருந்துகளுக்கும் இதே கணக்குத்தான். கொழுப்பு ஈரல் அழற்சிக்காக அமெரிக்காவில் 2024இல் ரெஸ்மெற்றிரோம், 2025இல் செமாகுளூரைட் ஆகியவை அனுமதி பெற்றன. நீரிழிவுக்கும் நிறை குறைப்புக்கும் பலர் ஊசியாகப் போடுவது இந்தச் செமாகுளூரைட்டைத்தான். அதன் முக்கிய ஆய்வொன்றில் ஒரு பகுதியினரின் உடலமைப்பை அளந்தபோது, குறைந்த நிறையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போயிருந்தது. அந்த ஊசியைப் போடுபவர்கள் புரதத்தையும் தசைப் பயிற்சியையும் விடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பயிற்சி என்றதும் உடற்பயிற்சிக் கூடம் என்று பயப்படத் தேவையில்லை. கதிரையில் எழுந்து இருத்தல், படியேறுதல், தண்ணீர்ப் போத்தலைத் தூக்குதல், கடைக்கு நடந்து போய்ச் சாமான் பையைத் தூக்கி வருதல் எல்லாம் பயிற்சிதான். உணவுக் குழாயில் இரத்த நாளம் புடைத்திருப்பவர்களும், வயிற்றில் நீர் உள்ளவர்களும் பாரமான எதையும் தூக்கும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது

ஒரு தாளில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். பேரப்பிள்ளையைக் கொண்டு பேச வைப்பதைவிட அது நல்லது.

என் ஈரலில் தழும்பு இருக்கிறதா? பிப்-4 எவ்வளவு? பைப்ரோஸ்கான் தேவையா?

என் நிறையில் நீர் எவ்வளவு இருக்கும்? நீரைக் கழித்தால் என் நிறை என்ன?

ஏற்கனவே எடுத்த ஸ்கானில் தசையை அளக்க முடியுமா? கைப்பிடி வலுவை அளப்பீர்களா?

நாளொன்றுக்கு எனக்கு எத்தனை கிராம் புரதம்? உணவியலாளரிடம் அனுப்புவீர்களா?

இரவில் என்ன சாப்பிடலாம்? எந்தப் பயிற்சி செய்யலாம்?

வீட்டில் ஒரு சிறு கொப்பியில் மாதம் ஒருமுறை நான்கு எண்களை எழுதி வையுங்கள்: நிறை, இடுப்புச் சுற்றளவு, கெண்டைக்கால் சுற்றளவு, கதிரைச் சோதனைக்கு எடுத்த செக்கன். நிறையும் இடுப்பும் இறங்கி, கெண்டைக்கால் அப்படியே நின்று, செக்கன் குறைந்தால் போவது கொழுப்பு. இடுப்பு நிற்க, கெண்டைக்கால் ஒடுங்கி, செக்கன் கூடினால் போவது தசை. அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரின் மேசையில் வையுங்கள்.